மழைக்கு முன் கண்ணாடி றப்பரைப் பாருங்கள்

உங்கள் வீட்டிலும் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறதா? 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்தக் காரை நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் வாப்பாவின் ஞாபகமாகவே வைத்திருக்கின்றன. மழை பெய்த மறுநாள் கதவைத் திறந்ததும் ஈர வாடை அடிக்கிறதென்றால், காலடி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நிற்கும். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுவது அங்கேதான்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர்தான். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டுப் பட்டு அது விறைத்து வெடித்துவிடும். சிலர் வெளிப்புறத்தில் சிலிக்கனைப் பூசிவிட்டு நிம்மதியாக இருந்து விடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். இரண்டு வருடம் கழித்து றப்பரைக் கழற்றியபோது, உள்ளே அடைபட்ட ஈரம் தகர விளிம்பை அரித்துத் தின்றிருந்தது. றப்பரின் விலையைவிட டிங்கர் வேலைக்குத்தான் கூடச் செலவு!

ஆகவே றப்பரையே மாற்றிவிடுங்கள். பழைய றப்பரின் உதட்டைக் கத்தியால் வெட்டி எடுத்தால் கண்ணாடி பத்திரமாக வெளியே வரும், நெம்பினால் உடையும். துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சும் பெயின்டும் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். இங்கே அவசரப்படுபவர்கள்தான் மறுபடியும் கராஜுக்குப் போகிறார்கள். 1956க்கு முந்திய மைனரில் முன் கண்ணாடி இரண்டு துண்டு. பிந்தியதில் வளைந்த ஒரே கண்ணாடி. றப்பர் வாங்கும்போது கடையில் இதைச் சொல்லுங்கள்.

பூட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். புது றப்பரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு இளகவிட்டு, கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். தகர விளிம்பு உட்காரும் தவாளிப்பினுள் மெல்லிய நைலோன் கயிற்றை முழுச் சுற்றும் செருகி, இரு நுனிகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டிக் காருக்குள் தொங்கும்படி விடுங்கள். சவர்க்கார நீர் தடவி, வெளியே நிற்பவர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். றப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். கயிறு போகும் இடத்துக்கே வெளியிலுள்ளவரின் கையும் போகவேண்டும். மூலைகளில் பொறுமை வேண்டும். குத்தி அழுத்தினால் கண்ணாடி வெடிக்கும்.

பிறகு அதிக வேலை இல்லை. மாதம் ஒருமுறை சவர்க்கார நீரால் துடைத்து, பார்மசியில் கிடைக்கும் கிளிசரினைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். மண்ணெண்ணெய், கிறீஸ், என்ஜின் ஒயில் எதுவும் வேண்டாம். றப்பர் ஊதிப் பழுதாகிவிடும்.

மழைக்குக் காத்திராமல், பிள்ளை ஒருவரை வெளியே ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்கச் சொல்லி, நீங்கள் டோர்ச்சுடன் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். முதலில் கீழ் மூலைகளைப் பாருங்கள்.