கொஷொகு: நடவில் நேர்ந்த பிழை

அச்சுப்பிழைக்கு ஜப்பானிய மொழியில் 'கொஷொகு' என்று பெயர். 'கொ' என்றால் தவறு, 'ஷொகு' என்றால் நடுதல். செடி, மரம் நடுவதற்கு வழங்கும் எழுத்தே இந்தச் சொல்லிலும் வருகிறது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் நிறுத்தும் அச்சுக்கோப்பு வேலையை ஜப்பானிய அச்சகங்கள் 'ஷொகுஜி', அதாவது எழுத்து நடுதல் என்று அழைத்தன. நாற்று நடுவதைப் போன்ற அந்த வேலையில் கை தவறினால் விளைவது கொஷொகு.

நவீன ஈய எழுத்து வார்ப்பு 1869-இல் நாகசாகியில் வேரூன்றியது. ஷாங்காயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திவந்த வில்லியம் கேம்பிளிடமிருந்து மொதொகி ஷோசோ அந்த நுட்பத்தைக் கற்றுப் பரப்பினார். ஜப்பானிய மொழியை அச்சிடப் பல ஆயிரம் வகை எழுத்துகள் தேவை. ஆகவே வேலை இரண்டாகப் பிரிந்தது. கையெழுத்துப் படியைப் பார்த்து, சுவரோடு நிற்கும் தட்டுகளிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிச் சிறு பெட்டியில் சேர்ப்பது 'புன்சென்'. அவற்றை வரிகளாக நிறுத்தி, இடைவெளிக் கட்டைகள் செருகிப் பக்கமாக்குவது ஷொகுஜி.

இரு கட்டங்களிலும் பிழை நுழையும். ஒரு செங்குத்துக் கோட்டை இரண்டு கிடைக்கோடுகள் வெட்டும் இரு எழுத்துகள் உண்டு. மேல்கோடு குட்டையாக இருந்தால் 'இன்னும் இல்லை' என்று பொருள். நீளமாக இருந்தால் 'முடிவு'. ஈய எழுத்தில் உருவம் இடவலம் மாறி இருப்பதால், இத்தகைய இரட்டைகளைப் பிரித்தறிவது மேலும் கடினம். எழுத்து பக்கவாட்டில் சாய்ந்தும் தலைகீழாகவும் நிற்பதுண்டு.

தேவையான எழுத்து கைவசம் இல்லாதபோது, வேறொன்றை அடிப்புறம் மேலாக வைத்து இடத்தை நிரப்புவார்கள். அடியிலுள்ள பள்ளத்தின் இருபுறமும் மையேறி, இரண்டு தடித்த கோடுகள் பதியும். கெத்தா என்னும் மரக்கால் செருப்பின் தடம்போல் இருப்பதால் அந்தக் குறிக்கும் 'கெத்தா' என்றே பெயர். மெய்ப்புத் திருத்தத்தின்போது அதை மாற்றியாக வேண்டும்; கண்ணுக்குத் தப்பினால் நூலிலும் அப்படியே பதிந்துவிடும். தப்பிய பிழைகளைப் பட்டியலிட்டு நூலில் இணைக்கும் தாள் 'செய்கொஹ்யோ', அதாவது சரி–தவறு அட்டவணை.

1970களுக்குப் பின் ஒளி அச்சுக்கோப்பும் கணினியும் ஈய எழுத்தை வெளியேற்றின. ஒலிப்படி தட்டச்சு செய்யும்போது கணினி வேறொரு எழுத்தைத் தந்துவிடும் பிழைக்கு 'கொஹென்கன்', தவறான மாற்றம், என்ற தனிச்சொல் பிறந்தது. ஆனாலும் அச்சேறிய பக்கத்தில் காணும் பிழையை ஜப்பானியப் பதிப்பாளர்கள் இன்றும் கொஷொகு என்றே சொல்கிறார்கள்.