வண்டிக்கு உயரம் சொல்லிக்கொடுத்தல்

டொயோட்டா லேண்ட் குரூசர் 100 வரிசை 1998-இல் சந்தைக்கு வந்தது. அதன் உயர் ரகங்களிலும், அதே அடித்தளத்தில் லெக்சஸ் எல்.எக்ஸ். 470 என்ற பெயரில் விற்ற வண்டியிலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. மேலே தள்ளினால் அடியில் பம்ப் உறுமும். சற்று நேரத்தில் இரண்டரை டன் வண்டி நிமிர்ந்துவிடும். மணல் மேட்டையும் பாறையையும் தாண்ட இந்த உயரம். கீழே தள்ளினால் தணியும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் ஏறி இறங்க அது வசதி. இரண்டுக்கும் நடுவில், அன்றாட ஓட்டத்துக்கான உயரம். ஓமானிலும் அமீரகத்திலும் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இந்த வண்டியைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை.

வண்டிக்கு வயதாகும்போது வருகிற புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கமாகச் சாய்கிறது. சின்னக் குழிக்கே முதுகைப் பதம் பார்க்கிறது. “சென்சாரை செட் பண்ணிட்டா சரியாப் போயிடும் சார்” என்று முடிவு கட்டுவது சுலபம். சென்சாரை அளவிட்டுச் சரிசெய்வது அவசியமான வேலைதான். ஆனால் அது எதைக் குணப்படுத்தும், எதை மூடி மறைக்கும் என்று தெரியாமல் ஸ்பானரை எடுத்தால் நல்ல வண்டியும் கெட்டுப்போகும்.

உயர சென்சார் உயரத்தை நேராக அளப்பதில்லை; அளப்பது ஒரு கோணத்தை. இந்த வண்டியில் மொத்தம் மூன்று சென்சார்கள்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. முன் சென்சார்கள் சேசிஸில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குட்டைக் கை நீளும். அந்தக் கையை ஒரு மெல்லிய லிங்க், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கரத்தோடு இணைக்கும். சக்கரம் மேலே போனால் கை ஒரு பக்கம் திரும்பும், கீழே இறங்கினால் மறுபக்கம். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால், கை நிற்கும் கோணத்துக்கு ஏற்ப அதில் ஒரு பங்கு திரும்பி வரும். அந்த வோல்ட்டைத்தான் கம்ப்யூட்டர் உயரமாகக் கணக்கிடுகிறது. இடைவெளி எத்தனை சென்டிமீட்டர் என்று நேரில் பார்க்க அதற்கு வேறு வழி கிடையாது. லிங்க் வளைந்திருந்தாலும், அதன் முனை துருப்பிடித்து இறுகியிருந்தாலும், புதிய சென்சாரை அரை மில்லிமீட்டர் தள்ளிப் பூட்டியிருந்தாலும் கம்ப்யூட்டர் அந்தப் பொய்யை அப்படியே நம்பிப் பம்பை ஓட்டும்.

உயரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வண்டி என்ற எண்ணத்துக்கு மூலம் பிரான்சில் இருக்கிறது. 1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் சிட்ரோயன் நிறுவனம் டி.எஸ். 19 காரைத் திரை விலக்கியது. அதன் சஸ்பென்ஷனை உருவாக்கியவர் பால் மாஜெஸ் என்ற பொறியாளர். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில், நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகளும் எண்ணெயும். ஆட்கள் ஏறினால் கார் தணியும். சில நொடி கழித்துத் தானே பழைய உயரத்துக்கு எழும். அதில் எலெக்ட்ரானிக்ஸ் துளியும் இல்லை. ஆன்டி-ரோல் பாரிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ஒரு வால்வை இழுக்கும் அல்லது தள்ளும்; எண்ணெய் உள்ளே போகும் அல்லது வெளியேறும். உயரத்தைத் திருத்த வேண்டுமென்றால் அந்தக் கம்பியின் பிடிப்பைத் தளர்த்தித் திருப்ப வேண்டும். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சிட்ரோயன் மெக்கானிக்குகளுக்கு இது கைவந்த வேலை. பிறகு வந்த சி5 காரில் சிட்ரோயனும் அந்த வால்வை விட்டு எலெக்ட்ரானிக் சென்சாருக்கு மாறியது.

லேண்ட் குரூசருக்குத் திரும்புவோம். சரிபார்க்கும் வேலை ஒரு சாதாரண இஞ்ச் டேப்பில் தொடங்குகிறது. சமதளத் தரை வேண்டும். வண்டிக்குள் ஆளோ சாமானோ இருக்கக் கூடாது. எஞ்சின் ஓட, உயரம் நடு நிலையில் இருக்க வேண்டும். டேப்பைத் தரையில் ஊன்றி மட்கார்டு வரை அளந்தால் கணக்கு தப்பும். டயரின் காற்றும் தேய்மானமும் அதில் கலந்துவிடும். வீல் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை செங்குத்தாக அளப்பதே சரி. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண்கள், எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அளப்பதற்குமுன் வண்டியைக் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டுவது அனுபவசாலிகளின் பழக்கம். அதற்குக் காரணம் உண்டு. முன்பக்கம் ஏறி இறங்கும்போது இரு டயர்களுக்கும் இடையிலுள்ள அகலம் லேசாக மாறும். வண்டி நின்ற இடத்திலேயே நின்றால் ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டு அந்த அசைவை முழுதாக விடாது. உருட்டிவிட்டால் பிடிப்பு தளர்ந்து உடல் தன் உண்மையான உயரத்தில் உட்காரும். இதைச் செய்யாதவர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணைப் பார்த்துக் குழம்புவார்.

அடுத்தது இடம்–வலம். முன் சென்சார்கள் இரண்டு இருந்தாலும் கம்ப்யூட்டர் அவற்றின் சராசரியை வைத்தே முன்பக்க உயரத்தை நிர்ணயிக்கிறது. எனவே ஒரு பக்கச் சாய்வைச் சென்சாரைத் திருகித் தீர்க்க முடியாது. சாய்வுக்குப் பொறுப்பு முன்னால் உள்ள டார்ஷன் பார்கள். முறுக்கிய நிலையில் எடை தாங்கும் நீண்ட இரும்புக் கம்பிகள் அவை. தணிந்த பக்கத்து போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கியும் உயர்ந்த பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தியும் இரண்டையும் சமப்படுத்த வேண்டும். அதன் பிறகே சென்சாரின் முறை. நட்டைத் தளர்த்திப் பொருத்தும் இடத்தை மெல்ல நகர்த்திப் பூட்ட வேண்டும். கீழ்க் கரத்தில் லிங்க் பிடித்திருக்கும் இடம் சக்கரத்தைவிட அந்தக் கரம் சுழலும் அச்சுக்கு அருகில் இருப்பதால், இங்கே ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் வண்டியின் முகம் அதைவிடக் கூடுதலாக ஏறும் அல்லது இறங்கும். பென்சிலால் பழைய இடத்தைக் குறித்துவிட்டுத் தொடுவது நல்லது. பின் சென்சாருக்கும் இதே முறைதான்.

இதோடு வேலை முடிந்ததென்று வண்டியை அனுப்பிவிடுவதுதான் பெரிய தவறு. இந்த வண்டி சிட்ரோயனைப் போல எண்ணெயை மட்டும் நம்பி நிற்பதில்லை. முன்னால் டார்ஷன் பாரும் பின்னால் சுருள் ஸ்பிரிங்கும் எடையின் பெரும்பங்கைத் தாங்கும். மீதியை எண்ணெய் அழுத்தம் தாங்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் மூட்டையில் ஒருவர் கை தளர்ந்தால் மற்றவர் தோளில் பாரம் ஏறுவதைப்போல, ஸ்பிரிங் தளரத் தளர அழுத்தம் கூடிக்கொண்டே போகும். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உயரம் டேப்பில் கச்சிதமாக இருக்கும். உள்ளே உட்கார்ந்தவருக்கோ ஒவ்வொரு குழியும் இடியாக விழும். இந்த வண்டியிலும் உள்ள நைட்ரஜன் உருண்டைகள் அளவுக்கு மீறி இறுகிவிட்டதே காரணம்.

ஆகவே உயரத்துக்குப் பிறகு ஸ்கேனரைச் சொருகி அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நடு உயரத்தில் முன்பக்கம் 6.9 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். ஏறக்குறைய 1,000 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ.தான். அழுத்தம் கூடுதலாக இருந்தால் இரண்டு டார்ஷன் பார்களையும் ஒரே அளவு இறுக்க வேண்டும். இங்கேதான் பழைய அனுபவம் ஆளை ஏமாற்றும். சாதாரண வண்டியில் டார்ஷன் பாரை இறுக்கினால் மூக்கு உயரும். இதில் எஞ்சின் ஓடும்போது உயரம் கடைசியில் அதே இடத்துக்கே வந்து நிற்கும். ஏனென்றால் சென்சார் சொல்லும் உயரத்துக்குக் கம்ப்யூட்டர் திருத்திக்கொண்டே இருக்கும். இறங்குவது அழுத்தம் மட்டுமே. உயரத்தைச் சொல்வது சென்சார், பாரத்தைப் பங்கிடுவது ஸ்பிரிங். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கிடைத்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். பின்பக்கத்தில் இறுக்க போல்ட் ஏதும் இல்லை. அங்கே சுருள் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் அல்லது அதன் தலையில் தடிமனான வளையம் கொடுக்க வேண்டும்.

கனமான இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டிக்கொண்டு காட்டுப்பாதைக்குப் போகிறவர்களிடம் ஒரு குறுக்குவழி புழங்குகிறது. சென்சார் லிங்க்கை வேண்டுமென்றே மாற்றிப் பொருத்தினால் வண்டி தணிந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் நினைத்து இரண்டு அங்குலம் தூக்கிவிடும். செலவு இல்லைதான். ஆனால் அழுத்தம் ஏறும், குழியில் சக்கரம் கீழே இறங்க இருந்த தூரம் குறையும், முன் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டுகள் கோணலான நிலையிலேயே சுழன்று தேயும். வண்டியை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பாதுகாப்பில் இரண்டு விஷயம். எண்ணெய் தாங்கி நிற்கும் வண்டியை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. எஞ்சினை நிறுத்தினாலும் அது அசையலாம், ஒரு குழாய் விட்டுப்போனால் சட்டென்று இறங்கும். சேசிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கட்டாயம். இன்னொன்று எண்ணெய். இந்த அமைப்புக்கென்று தனி மினரல் எண்ணெய் உண்டு. டேங்கில் குறைகிறதென்று பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறிக் கெடும்.

எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட்டைப் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. முன் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே சக்கரங்களின் கோணம் மாறி, சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் ஓர் ஓரம் தேய்ந்துவிடும். ஹெட்லைட்டும் அப்படித்தான்: மூக்கு தூக்கி நின்ற காலத்தில் கீழே திருப்பி வைத்த விளக்கை, உயரம் சரியான அன்றே சுவருக்கு எதிரே நிறுத்தி மறுபடி அளவு பார்த்துவிட வேண்டும்.