பதவி என்னும் சுமை

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த நெசவாளர் சங்கமொன்றில் தலைவர் நோயுற்றுப் படுத்திருந்தார். நூல் கிடங்கின் சாவி அவரிடம் இருந்தது. இரண்டு வாரம் தறிகள் ஓடவில்லை. நல்லவரே தலைவர், ஆயினும் ஒருவரையே நம்பிய சங்கத்தின் கதி இதுவாயிற்று.

மெக்ஸிகோ தேசத்தின் தெற்கே ஓஹாகா மாநிலத்து மலைகளில் வாழும் ஸப்போட்டெக், மிஹே முதலிய பூர்வகுடிகள் இதற்கு வேறொரு வழி கண்டனர். அவர்கள் காப்பி பயிரிடும் சிறு குடியானவர்கள். விளைச்சலைத் தரகர் கேட்ட விலைக்கே கொடுத்து வந்தனர். தரகருக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கொயோட்டே’; நரியையொத்த விலங்கின் பெயர் அது. 1983-இல் பல ஊர்களைச் சேர்ந்தோர் ஒன்றுகூடி ‘உசீரி’ என்னும் சங்கத்தை நிறுவினர்.

அம்மாநிலத்துப் பூர்வகுடிக் கிராமங்களில் பதவிக்குக் ‘கார்கோ’ என்று பெயர். சுமை என்பது அதன் பொருள். ஊர்ச்சபை தெரிந்தெடுத்தவர் குறித்த காலம் ஊதியமின்றிப் பணிபுரிவார். இளமையில் செய்தி கொண்டு செல்லும் சிறு பணியில் தொடங்கிப் படிப்படியாகவே பெரும் பொறுப்பை அடைவார். காலம் முடிந்ததும் சுமையை இன்னொருவர் ஏற்பார்.

சங்கமும் இவ்வழியையே தழுவியது. ஊர்தோறும் பேராளரைத் தெரிந்தெடுத்தனர். மாதந்தோறும் கூடும் பேராளர் சபைக்கு அவர் ஊராரின் கருத்தைக் கொண்டு செல்வார். அங்கு பேசியதைத் திரும்பி வந்து ஊரில் உரைப்பார். நிர்வாகக் குழு ஒன்று, அதனைக் கண்காணிக்கும் குழு மற்றொன்று.

இம்முறையில் தாமதம் உண்டு. ஆயினும் இரசாயன உரமின்றிப் பயிர் செய்தலும், தொழுவுரம் இடுதலும், தரம் பிரித்தலும் கட்டளையால் நடப்பனவல்ல. தாமே கூடி முடிவு செய்தவர்களே அவ்வுழைப்பை மனமுவந்து தருவர். 1988-இல் நெதர்லாந்தில் ‘மாக்ஸ் ஹாவலார்’ என்னும் நியாயவிலை முத்திரை தோன்றுவதற்கு இச்சங்கமே தூண்டுகோலாயிற்று. மறு ஆண்டே உலகக் காப்பி உடன்படிக்கையின் பங்கீட்டு முறை கைவிடப்பட்டு விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. அந்நெருக்கடியிலும் சங்கம் கலையவில்லை.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. காப்பிப் பழம் பறிப்பதில் பெண்கள் பங்கு பெரிது. எனினும் பல ஊர்ச்சபைகளில் நெடுங்காலம் அவர்களுக்கு இடமில்லை. ஊதியமில்லாப் பதவி ஏழைக்கு உண்மையிலேயே சுமைதான்.

நம் அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பார்களாக. பொறுப்புகளை முறைவைத்து ஏற்றலும், பெண்களுக்கும் அதில் இடமளித்தலும், பணியால் கூலி இழப்போருக்கு ஈடு செய்தலும் நம்மால் இயலாதனவல்ல. அடுத்த பொதுச் சபையில், தலைவர் இல்லாத நாளில் கிடங்கைத் திறப்பவர் யார் என்பதையேனும் தீர்மானமாக எழுதி வைப்பார்களாக.