குடியிருக்கும் வீட்டை ஓனர் வேறு ஆளுக்குக் காட்டலாமா? சட்டம் சொல்வது என்ன?

காலி செய்ய இன்னும் ஒரு மாதம் இருக்கு. அதற்குள் வீடு பார்க்க வந்தவர்களோடு ஓனர் கதவைத் தட்டுகிறார். திறந்துதான் ஆகணுமா?

நகரங்களில் என்ன விதி?

2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஓனர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கணும். ரிப்பேர் வேலை, வீட்டின் நிலையைப் பார்ப்பது, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள நியாயமான காரணம் ஆகியவற்றுக்காக வரலாம். எனவே, புது ஆட்களுக்கு வீடு காட்டுவது பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கா என்று முதலில் பாருங்க.

ஜவ்வாது மலையில்?

அந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. ஜமுனாமரத்தூர் போன்ற மலைக் கிராமங்களில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியர்கள், நர்ஸுகளுக்கு 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவுதான் துணை. வாடகையை ஒழுங்காகக் கொடுத்து ஒப்பந்தப்படி நடந்தால், தொந்தரவின்றி குடியிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதேநேரம், வீட்டின் நிலையைப் பார்க்க ஓனர் நியாயமான நேரத்தில் வந்தால் அனுமதிக்கணும். வேறு ஆட்களுக்குக் காட்டுவது பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை.

என்ன செய்யலாம்?

எந்த நேரத்தில் காட்டலாம், எத்தனை நாள் முன்பு சொல்லணும், நீங்கள் இல்லாதபோது மாற்றுச் சாவியால் திறக்கலாமா? வாய்ப்பேச்சோடு விடாமல், அட்வான்ஸ் கொடுக்கும்போதே மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிடுங்க.