நாற்காலி வேண்டாம் என்றார் காமராஜர்!

சிறையில் இருப்பவரைத் தேடிப் பதவி வருமா?

வந்தது! விருதுநகரில் வந்தது. ஆண்டு 1941.

அப்போது காமராஜர் வேலூர் சிறையில் இருந்தார். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1940-ல். அந்த ஆண்டின் கடைசியில் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. யார் யார் சத்தியாக்கிரகம் செய்வது என்று காந்திஜியிடம் கேட்டு முடிவு செய்ய, காமராஜர் வார்தாவுக்குப் புறப்பட்டார். வழியில் குண்டூரில் போலீசார் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகரசபைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்து விட்டார்கள். ஊரே கொடுத்த மரியாதை அது. பிறந்த ஊரில், கடைத்தெருவில் ஓடியாடிய பையனுக்கு ஊர்த் தலைவர் நாற்காலி! யாருக்குத்தான் ஆசை இராது?

சில மாதங்களில் விடுதலை ஆனார். ஊருக்கு வந்தார். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்து விட்டார்.

காரணம் என்ன? தமிழ்நாடு முழுவதும் சுற்ற வேண்டியவர் அவர். எந்த நேரமும் மறுபடி சிறைக்குப் போக வேண்டியவர். தெரு விளக்கையும் குடிதண்ணீரையும் யார் கவனிப்பது? முழுதாகச் செய்ய முடியாத வேலைக்கு உரிய பதவியை ஒருவர் ஏற்கக் கூடாது என்பது அவர் கருத்து.

ஜனவரி முதல் தேதி புது டைரியில் பத்துத் தீர்மானம் எழுதாதவர் நம்மில் உண்டா? உடம்பைக் கவனிக்க வேண்டும், பணம் சேர்க்க வேண்டும், பிள்ளைகளோடு பேச வேண்டும், இந்தி படிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறோம். எதை விடப் போகிறோம் என்று மட்டும் எழுதுவதில்லை! பொங்கலுக்குள் டைரி பால் கணக்குக்குப் போய் விடுகிறது.

காமராஜர் டைரியில் எழுதினாரோ இல்லையோ, விட வேண்டியதை விட்டார்.

முதலில் வேலை, பிறகு சிறை

அடுத்த ஆண்டே இன்னொரு சோதனை வந்தது.

1942 ஆகஸ்டு மாதம். பம்பாயில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியது. "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறியது. மறுநாள், 9-ந் தேதி, பொழுது விடியும் முன்பே காந்திஜியைக் கைது செய்தார்கள். தலைவர்கள் எல்லாரும் பிடிபட்டார்கள்.

காமராஜர் ரெயிலில் ஊர் திரும்பிக் கொண்டிருந்தார். சென்னையில் இறங்கினால் போலீசார் தயாராக நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். சிறைக்கு அஞ்சுகிறவர் அல்ல. ஆனால் ஊர் ஊராகச் சொல்ல வேண்டிய செய்தி அவரிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் உள்ளே போனால் யாருக்கு லாபம்?

அரக்கோணத்திலேயே இறங்கி விட்டார்!

ராணிப்பேட்டை, தஞ்சை, திருச்சி, மதுரை என்று போலீசார் கண்ணில் படாமல் சுற்றினார். அங்கங்கே தொண்டர்களைப் பார்த்தார். செய்ய வேண்டியதைச் சொன்னார். கடைசியில் விருதுநகருக்கு வந்து சேர்ந்தார்.

பிறகு அவரே போலீசாருக்குச் சொல்லி அனுப்பினார்: வேலை முடிந்தது, வந்து கைது செய்யலாம் என்று. கைது செய்தார்கள். 1945-ல்தான் வெளியே வந்தார்.

எது முதல், எது அடுத்தது என்று தெரிந்தவரின் காரியம் அது. சிறை இரண்டாவது, அவ்வளவுதான்.

அம்மாளின் நகைகள்

இந்த மனஉறுதிக்கு விலை உண்டு. அதைக் கொடுத்தவர் காமராஜர் மட்டும் அல்ல.

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தவர் அவர். ஆறு வயதில் தந்தை குமாரசாமி நாடார் இறந்தார். தாயார் சிவகாமி அம்மாள் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் போட்டு, வட்டியில் குடும்பம் நடத்தினார். மகனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமாவின் துணிக் கடைக்குப் போனான் பையன்.

ஒரே மகன். கடையைக் கவனிப்பான், கலியாணம் செய்துகொள்வான், பேரன் பேத்தி பார்க்கலாம் என்று தாயார் நினைத்தது தவறா? பையனோ கூட்டம், ஊர்வலம் என்று அலைந்தான். அரசியலை மறக்கட்டும் என்று திருவனந்தபுரத்துக்கு, இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். பலிக்கவில்லை. வைக்கம் சத்தியாக்கிரகத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்! கலியாணப் பேச்சும் எடுபடவில்லை. கடைசி வரை பிரம்மச்சாரி.

அதே காலத்தில், 1922-ல், பக்கத்துச் சிவகாசியில் இருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரெயில் ஏறினார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வறண்ட பூமியில் ஊரே பிழைக்க வழி பிறந்தது. அவர்கள் குறி தொழில். இவர் குறி வேறு. இரண்டுமே அரைமனதாகச் செய்தவை அல்ல.

ரூ.120

1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல் மந்திரி ஆனார். மந்திரிசபையில் அவரையும் சேர்த்து 8 பேர்தான்! தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்துக்கும் இடம் கொடுத்தார். அணைகள் கட்டினார், ஆலைகள் வந்தன. ஆனாலும் பள்ளிக்கூடத்தைப் பின்னால் தள்ளவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் 1956-ல் வந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவர் அல்லவா!

விருதுநகரில் தாயாருக்கு மாதம் ரூ.120 அனுப்பி வந்தார். முதல் மந்திரியின் தாயாரைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களுக்கு எதாவது கொடுக்க வேண்டாமா? இன்னும் 30 ரூபாய் சேர்த்து அனுப்பும்படி அம்மாள் கேட்டதாகவும், மகன் மறுத்து விட்டதாகவும் சொல்லுவார்கள். வீட்டுக்குத் தனியாகப் போட்டுக் கொடுத்த தண்ணீர்க் குழாயையும் எடுக்கச் சொல்லி விட்டாராம். தெருவில் எல்லாரும் பொதுக் குழாயில் பிடிக்கும்போது இங்கே மட்டும் எதற்கு என்று கேட்டாராம்.

மகனுக்கு அது கொள்கை. தள்ளாத வயதில் தாயாருக்கு? 30 ரூபாயைக் கொடுத்திருக்கலாம் என்றுதான் பெற்றவர்கள் மனம் சொல்லும்.

1963 அக்டோபர் 2-ந் தேதி முதல் மந்திரி பதவியையும் விட்டார். மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சி வேலைக்கு வரவேண்டும் என்ற திட்டம் அவர் பெயராலேயே "காமராஜ் திட்டம்" என்று வழங்கியது. மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தான் நாற்காலியில் இருந்துகொள்ளவில்லை. அடுத்து அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார்.

1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரே அவரைத் தோற்கடித்தது. ஜெயித்தவர் இளைஞர் பெ.சீனிவாசன். ஓட்டு வித்தியாசம் 1,285.

விருதுநகரில் அவர் வளர்ந்த சிறிய வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. மகன் ஒன்பதரை ஆண்டுகள் சென்னையில் முதல் மந்திரியாக இருந்தார். அந்த நாட்களிலும் சிவகாமி அம்மாளின் ஊர் விருதுநகர்தான். வீடு அந்த வீடுதான்.