தெளிந்த நீரும் தேர்ந்துரைக்கும் ஒளியும்

கண்ணுக்குத் தெளிந்திருப்பதெல்லாம் நல்ல நீர் ஆகிவிடாது. பாகாலாவைச் சூழ்ந்த கருங்கற்பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழும் நம் குடும்பங்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பாறையிலுள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரையக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாவுக்கும் அது புலப்படாது, காய்ச்சினாலும் நீங்காது. அளவு மிகுந்தால் வளரும் குழந்தைகளின் பற்களில் கறை தோன்றும். பல்லாண்டு பருகினால் எலும்பும் மூட்டும் இறுகும். அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை மருத்துவர்கள் 1937ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தனர்.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரவிதி. இத்துணைச் சிறிய அளவைக் கிணற்றங்கரையிலேயே அறிய வழி உண்டா? உண்டு, ஒளியே அவ்வழி.

சிர்க்கோனியமும் ஒரு சாயமும் கூடிய செந்நிறக் கரைசலை நீரில் அளவாகச் சேர்ப்பர். புளோரைடு சாயத்திடமிருந்து சிர்க்கோனியத்தைப் பறித்துக்கொள்ள, சிவப்பு வெளிறும். ஒருபுறம் சிறு பச்சை விளக்கு, மறுபுறம் ஒளியுணரி, நடுவே அந்நீர்க் குப்பி. சிவப்பு வெளிற வெளிற ஒளி மிகுதியாகக் கடந்து வரும். அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டு, கருவி விடையை எண்ணாகக் காட்டும். உள்ளங்கையளவில் அடங்கும் இந்நிறமானியின் உறுப்புகள் யாவும் மலிவானவையே.

ஒளியைக் கொண்டு பொருளை உசாவும் கலை நமக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும், நம்மைப்போல் வெளியூர் சென்று வாழ்ந்தவர்களே. 1928இல் கல்கத்தாவில் எளிய கருவிகளைக் கொண்டே அவர்கள் இராமன் விளைவைக் கண்டனர். அதனால் இயங்கும் கைக்கருவிகள் இன்று பொட்டலத்தைப் பிரிக்காமலே உள்ளிருக்கும் மருந்தை இன்னதென்று உரைக்கின்றன. அவற்றின் விலை மிகுதி. நிறமானியோ எளியவர்க்கும் எட்டுவது.

எனினும் அதன் சொல்லே முடிந்த முடிபன்று. நீரிலுள்ள அலுமினியமும் குளோரினும் அளவைப் பிறழச் செய்யக்கூடும். கரைசலில் அமிலம் உண்டு. ஆதலின் பெரியோரே கையாள வேண்டும். ஐயம் எழுந்தால் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்தல் கடன். ஆயினும், எக்கிணற்றை முதலில் ஐயுற வேண்டும் என்று காட்டுவதே பெரும்பயன் அன்றோ?

வீட்டுக்கு ஒன்று வேண்டா. தெருவுக்கு ஒன்று போதும். குடியேறிய ஊரில் வீடு பார்த்தோம், பள்ளி பார்த்தோம். நம் மக்கள் பருகும் நீரையும் பார்ப்போமாக.