வளைகாப்புக்கு முன்பே குழந்தை டாக்டர்!

வீட்டில் தலைப்பிரசவம்.

எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்தாகி விட்டது. வளைகாப்புக்கு நாள் பார்த்தாகி விட்டது. பேறுகாலச் செலவுக்குப் பணமும் சேர்த்தாகி விட்டது. பெயர்கூட இரண்டு, மூன்று மனதில் இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

"பிறக்கப் போகும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் யார்?"

"முதலில் பிறக்கட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பல வீடுகளில் பதில்.

அந்த "அப்புறம்" சில சமயம் நள்ளிரவில் வருகிறது. குழந்தை பால் குடிக்க மறுக்கிறது. உடம்பு மஞ்சளாக இருக்கிறது. எங்கே ஓடுவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் வீடே தவிக்கிறது.

வரம் கேட்டுப் பெற்ற பிள்ளை

சாத்தூர் அருகே இருக்கிறது இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடம். "இரு கங்கைக்குடி" என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்று சொல்வார்கள்.

இங்குள்ள மாரியம்மன் கோவிலுக்கு ஆடி மாதம் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வரும் தம்பதிகள் பலர். வரம் கிடைத்த பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேர்த்திக்கடன் செலுத்த வருவோர் பலர்.

அப்படித் தவம் இருந்து பெறும் பிள்ளைக்கு முதல் மாதம்தான் கண்டம்.

இந்தியாவில் 2020-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன. அந்த 28-ல் 20 குழந்தைகள், பிறந்து 28 நாட்களுக்குள் இறந்தவை!

தமிழ்நாட்டின் நிலை இதைவிட நல்லது. அதே ஆண்டில் இங்கே இறந்தவை ஆயிரத்துக்கு 13. ஆனாலும் பறிகொடுத்த தாய்க்கு அந்த ஒன்றுதானே உலகம்?

முதல் நிமிடம்

பிரசவம் பார்க்கும் டாக்டர் இருக்கும்போது இன்னொரு டாக்டர் எதற்கு என்று கேட்கலாம்.

குழந்தை பிறந்ததும் கவனிக்க வேண்டிய உயிர்கள் இரண்டு ஆகிவிடுகின்றன. தாய்க்கு ரத்தப்போக்கு இருக்கலாம். பிரசவ டாக்டரின் கண் அங்கே இருக்கும். அதே நிமிடத்தில் குழந்தை அழாமல் கிடந்தால், அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற இன்னொரு கை வேண்டும்.

பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்துக்கு ஒன்றுக்கு, மூச்சு விடுவதற்குக் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது. அந்த உதவி முதல் நிமிடத்திலேயே கிடைக்க வேண்டும்.

நியூயார்க்கில் விர்ஜீனியா அப்கார் என்ற பெண் டாக்டர் இருந்தார். பிறந்த குழந்தைக்கு மார்க் போடும் முறையை 1952-ல் வகுத்தவர் அவர். நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, கைகால் அசைவு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு மார்க். மொத்தம் பத்து. பிறந்த ஒரு நிமிடத்தில் ஒரு முறையும், ஐந்து நிமிடத்தில் மறுமுறையும் மார்க் போடுவார்கள்.

இன்று உலகம் முழுவதும் இந்த முறை இருக்கிறது. பிள்ளை வாழ்க்கையில் வாங்கும் முதல் மார்க் இதுதான்!

"வாயை நல்லா வச்சுக்கோ, தாயி!"

"வயித்துல இருக்கும்போதே பிள்ளைக்கு டாக்டர் தேடுவாங்களா? வாயை நல்லா வச்சுக்கோ, தாயி!" என்பார் மாமியார்.

பிறக்கும் முன்பே தொட்டில் கட்டக் கூடாது, சட்டை வாங்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நம் பெரியவர்கள். டாக்டரைத் தேடுவதையும் அவர்கள் அபசகுனமாக நினைக்கக்கூடும்.

அவர்களுக்கு மருமகள் இப்படிப் பதில் சொல்லலாம்: "மழைக்கு முன்னாடி கூரை வேயறோம். அது மழையைத் திட்டுறதா ஆகுமா, அத்தை?"

அமெரிக்காவில் குழந்தை டாக்டர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே, கடைசி மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை குழந்தை டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று அது தாய் தந்தையருக்குச் சொல்கிறது.

நம் நாட்டுக்கு இது ஒத்து வருமா? நன்றாக ஒத்து வரும். வளைகாப்பு ஏழாம் மாதமோ, ஒன்பதாம் மாதமோ நடக்கிறது. டாக்டரைப் பார்க்கவும் அதுதான் சரியான சமயம்.

பிள்ளை எந்த ஊரில் இருக்கும்?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. புருஷனுக்குச் சிவகாசியில் வேலை. பட்டாசு ஆலையோ, தீப்பெட்டி ஆலையோ, அச்சாபீசோ ஏதோ ஒன்று. பெண்ணுக்குத் தாய் வீடு இருக்கன்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஆகவே முதல் மூன்று மாதமோ, ஐந்து மாதமோ குழந்தை தாய் வீட்டில் வளரும். சிவகாசியில் கெட்டிக்கார டாக்டரைப் பார்த்து வைத்தால், இருக்கன்குடியில் இருக்கும் குழந்தைக்கு அவசரத்தில் என்ன பயன்?

பெண் எந்த ஊரில் படுத்திருப்பாளோ, அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் முதல் டாக்டரைத் தேட வேண்டும். இருக்கன்குடிக்காரர்கள் முதலில் சாத்தூரில் விசாரிக்கலாம். புருஷன் வீட்டுக்குப் போன பிறகு அங்கே இன்னொரு டாக்டர். இரண்டு பேருக்கும் நடுவே பாலமாக இருப்பது ஊசி அட்டையும், மருந்துச் சீட்டுகளும்தான். அவற்றை ஒரு பையில் போட்டுக் குழந்தையோடு கூடவே அனுப்ப வேண்டும்.

பணம் கொடுத்துத் தனி டாக்டரிடம்தான் போக வேண்டும் என்பது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறார். கிராம சுகாதார நர்சு இருக்கிறார். விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கிவிட்டது. இவர்களில் யாரிடம் முதலில் போவது, அங்கிருந்து எங்கே அனுப்புவார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டால், கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கும் டாக்டர் ரெடி!

என்ன கேட்கலாம்?

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல டாக்டர் கேள்வியை வரவேற்பார். கேட்க வேண்டியவை இவை:

1. குழந்தை வைத்தியத்துக்கென்று தனியாகப் படித்தவரா? பெயருக்குப் பின்னால் டி.சி.எச். என்றோ, குழந்தை மருத்துவத்தில் எம்.டி. என்றோ இருக்கும்.

2. பிரசவம் நடக்கும் ஆஸ்பத்திரிக்கு அவர் வருவாரா? வராவிட்டால் அங்கே குழந்தையைப் பார்ப்பது யார்?

3. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கூப்பிடலாமா? அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம் போவது?

4. எடை குறைந்த குழந்தையை வைத்துப் பார்க்க வசதி இருக்கிறதா? இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்?

5. கட்டணம் எவ்வளவு?

6. தாய்ப்பால் சுரக்கத் தாமதம் ஆனால் என்ன சொல்வார்? எடுத்த எடுப்பில் டப்பாப் பாலை எழுதித் தருகிறாரா, பொறுமையாகத் தாய்க்குச் சொல்லித் தருகிறாரா?

இந்த ஆறாவது கேள்வி மிக முக்கியம். கைக்குழந்தைக்கான டப்பாப் பாலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். தாய்ப்பால் அவ்வளவு உயர்ந்தது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. தாயின் ரத்தப் பிரிவைச் சொல்லுங்கள். தாய்க்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருந்தால் சொல்லுங்கள். அக்காள் மகளையோ, மாமன் மகளையோ கட்டியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

தகப்பனார் பட்டாசு வேலை செய்பவரா? மருந்துத் தூள் படிந்த சட்டையுடன் குழந்தையைத் தூக்கக் கூடாது. குளித்து, வேறு துணி மாற்றிய பிறகே தூக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மஞ்சள்

சுகப்பிரசவம் ஆனால் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் நிறம் தெரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான். அதாவது, ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு!

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே மறைந்துவிடும். ஆனால் பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் ஆபத்து. உள்ளங்கை, உள்ளங்காலுக்கு மஞ்சள் இறங்கினாலும் ஆபத்து. அளவு மீறினால் மூளையே பாதிக்கப்படும்.

இதற்கு வைத்தியம் கண்டுபிடித்த கதை சுவையானது.

இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் வார்டு என்ற நர்சு இருந்தார். குழந்தைகளை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்திருப்பது அவர் வழக்கம். 1956-ல் ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடம் வெளுத்திருந்தது. துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது! நர்சு இதை டாக்டர்களிடம் காட்டினார். அங்கிருந்த டாக்டர் கிரீமரும் மற்றவர்களும் ஆராய்ந்து, நீல விளக்கு வெளிச்சத்தில் குழந்தையைக் கிடத்தும் முறையை 1958-ல் வெளியிட்டார்கள். இன்று நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விளக்கு வைத்தியம் இப்படிப் பிறந்ததுதான்.

அப்படியானால் வீட்டு வாசலில் இளவெயில் காட்டினால் போதாதா? போதாது. எவ்வளவு மஞ்சள் என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தத்தைச் சோதித்து, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சேனை வேண்டாம்

குழந்தை பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ, தேனோ தொட்டு வைப்பது நம் வழக்கம். இதற்குச் சேனை வைத்தல் என்று பெயர். கழுதைப் பால் புகட்டுவோரும் உண்டு. மூக்கில் எண்ணெய் விடுவோரும் உண்டு.

அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்தப் பிஞ்சு வயிற்றுக்குக் கிருமி போக இதுவே வழி ஆகிவிடும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் மூச்சுக்கே கேடு.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பால்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூட வேண்டாம்.

இதை மருமகள் சொன்னால் வீட்டில் சண்டை வரும். டாக்டர் சொன்னால் பாட்டியும் கேட்டுக்கொள்வார். ஆகவே டாக்டரை முன்கூட்டியே பார்க்கப் போகும்போது, குழந்தையைக் குளிப்பாட்டப் போகும் பாட்டியையும் கூட அழைத்துப் போவது புத்திசாலித்தனம்.

அம்மையும் ஊசியும்

ஒரு காலத்தில் பெரியம்மைக்குப் பயந்து, மாரியம்மனே கதி என்று கோவில் கோவிலாக மக்கள் கிடந்தார்கள். அம்மை குத்துவது வந்தது. இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்தை விட்டே அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 2011-க்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையான போலியோ கிருமியால் வரும் இளம்பிள்ளை வாதமும் இல்லை.

அம்மனை வணங்கிக்கொண்டே ஊசியும் போட்டுக்கொண்ட ஜனங்கள்தான் இந்த வெற்றியைத் தேடித் தந்தார்கள்!

குழந்தை பிறந்ததுமே காசநோய்த் தடுப்பூசி, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவை கொடுக்கப்படும். பிறகு 6, 10, 14-ம் வாரங்களில் தடுப்பு மருந்துகள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கான ஊசி. அரசாங்கம் இவற்றை இலவசமாகவே போடுகிறது.

காத்திருக்கக் கூடாத நேரம்

முதல் மாதத்தில் கீழ்க்கண்டவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது:

பால் குடிக்க மறுப்பது. எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது. நிமிடத்துக்கு 60 தடவையோ, அதற்கு மேலோ மூச்சு வாங்குவது. மூச்சு விடும்போது நெஞ்சு குழிவது. வலிப்பு. காய்ச்சல். உடம்பு சில்லிட்டுப் போவது. தொப்புளில் சீழ்.

108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். தமிழ்நாட்டில் 2008 முதல் இது ஓடுகிறது. வழியெல்லாம் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து, போர்த்திக் கொண்டுபோக வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், என்ன நம்பர் என்பதை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தாய் வீட்டுச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அவசரத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துப் பேசலாம்.

பிள்ளைக்குப் பெயரைப் பிறந்த பிறகு வைக்கலாம்.

டாக்டரைப் பிறக்கும் முன்பே பார்த்து வையுங்கள்!